கொஞ்சம் பகை

வசந்தாமணிக்கு மூக்கு அரித்தது. சொறிந்துகொள்ளக் கை இல்லை. கைகள் இருக்கத்தான் செய்தன. பக்கத்துக்கு ஒன்றாகத் தலையணை மேல் நீட்டி, அசைக்கக் கூடாது என்று சொல்லி வைத்ததில், யாருடைய கைகளோ போலக் கிடந்தன. இடக்கையில் ஏற்றியிருந்த ஊசி சாக்குத் தைக்கிற கோணூசித் தடிமனுக்கு இருந்தது. அதன் வழியாக ரத்தம் குழாயில் ஏறி, தலைமாட்டில் பீரோ உயரத்துக்கு நின்ற இயந்திரத்துக்குள் போனது. உள்ளே எதுவோ சுற்றிக்கொண்டே இருந்தது, நாலு வீடு தள்ளி யாரோ மாவாட்டுகிற மாதிரி. வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வலக்கை வழியாகத் திருப்பி அனுப்பியது. வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்ப இயந்திரம் எதற்கு, எங்கள் வீட்டு ஆட்களைக் கேட்டிருந்தால் வெறுங்கையாலேயே செய்து காட்டியிருப்பார்களே என்று நினைத்தாள். எதிர்ச் சுவரில் தொலைக்காட்சி ஓடியது. கழுத்து நிறைய நகை போட்ட ஒருத்தி இன்னொருத்தியை அறைந்தாள்; அறைந்ததையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். "உதடு மரக்குதா சேச்சி? விரல் நுனியில குறுகுறுப்பு இருக்கா?" என்று நர்ஸ் ஜின்சி குனிந்து கேட்டாள். இருந்தது. மேலுதட்டில் எறும்பு ஊர்ந்தது. ரத்தம் உறையாமலிருக்கக் கலக்கிற மருந்து உடம்பிலுள்ள சுண்ணாம்பைக் குடித்துவிடும், அப்படித்தான் இருக்கும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்கள். "இல்ல" என்றாள் வசந்தாமணி. எதற்குப் பொய் சொன்னோம் என்று தெரியவில்லை. உள்ளே இருப்பதைத்தான் குழாய் போட்டு எடுக்கிறார்கள், உதட்டில் ஊர்வதாவது எனக்கே எனக்கு இருக்கட்டும். ஜின்சி நம்பாமல் ஒரு சுண்ணாம்புச் சத்து மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீரும் கொடுத்து, "சேச்சிக்குப் பெரிய மனசு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளையும் பிடிக்காமல் போயிற்று.

பெரிய மனசு, பெரிய மனசு. பள்ளிக்கூடத்தில் லீவு எழுதிக் கொடுத்தபோது தலைமையாசிரியை சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தவன்கூடச் சொன்னான். மனசை எவன் கேட்டான்? மஜ்ஜையைத்தானே கேட்டான். அதுவும் அண்ணன் கேட்கவில்லை. முதுகெலும்பும் இடுப்பும் உள்ளிருந்து யாரோ உளி வைத்துத் தட்டுகிற மாதிரி வலித்தன. சில நாட்களாகப் போட்ட ஊசிகளின் வேலை. எலும்புக்குள் குருத்தணுக்கள் தம்பாட்டுக்கு ஒண்டியிருக்கும், இந்த ஊசி போய் அவற்றைப் பெருக்கி, குடியிருந்த இடத்திலிருந்து கிளப்பி, ரத்தத்துக்கு விரட்டிவிடும், நாங்கள் ஓடுகிற ரத்தத்திலிருந்து பிடித்துக்கொள்வோம் என்று டாக்டர் மைதிலி விளக்கியபோது, "தெரியுங்க, நான் பதினோராம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கறேன்" என்று வெடுக்கென்று சொன்னாள். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வகுப்பில் கரும்பலகையில் குருத்தணு என்று ஒரு வட்டம் போட்டு, அதிலிருந்து இரண்டு கிளை இழுத்து, ஒரு கிளையில் சிவப்பணு, தட்டணு, கிருமி வந்தால் முதலில் ஓடிப்போய் விழுந்து சாகிற வெள்ளையணு, செத்ததைத் தின்று துப்புரவு செய்கிற விழுங்கணு; இன்னொரு கிளையில் பி செல், டி செல், யாரையும் கேட்காமலே கொல்கிற கொலைசெல் என்று எத்தனை வருஷமாக வரைந்திருக்கிறாள். எல்லாம் ஒரே வட்டத்திலிருந்து வருகிறவை. ஒருமுறை ஒரு பெண் எழுந்து, "டீச்சர், இன்னதுதான் ஆகணும்னு அதுக்கு ஆரு சொல்றது?" என்று கேட்டாள். இருக்கிற இடம் சொல்லும், பக்கத்தில் இருக்கிறவை சொல்லும், அவை என்ன சொல்கின்றன என்பதை வைத்து ஒன்றொன்றாக மற்ற கதவுகளை மூடிக்கொண்டே போகும், கடைசியில் ஒரு கதவுதான் மிச்சம், அதன்பின் திரும்ப முடியாது என்று பதில் சொன்னாள். நல்ல பதில் என்று அன்றைக்கு இருந்தது. ஒரே வயிறு, ஒரே வீடு, ஒரே சட்டியில் சோறு. அவன் ஏன் அப்படி ஆனான், நான் ஏன் இப்படி ஆனேன், அவனுக்கு யார் என்ன சொன்னார்கள்? சீ, பாடம் நடத்தாதே, ரத்தம் கொடுக்க வந்தவள் ரத்தம் கொடு.

அவன் இதே மாடியில் நடையின் கோடியில் கண்ணாடி அறைக்குள் இருந்தான். நாச்சிமுத்து, அவளுடைய அண்ணன். காங்கயத்துப் பக்கம் அவன் பேரைச் சொன்னால் வண்டி நிற்கும். ரத்தப் புற்று. மருந்துக்கு அடங்கியது, திரும்பி வந்தது. இனி வேறொருவருடைய குருத்தணுவை ஏற்றினால்தான் உண்டு என்று சொல்லி, அவனுடைய மகனுக்குப் பார்த்தார்கள், பாதிதான் பொருந்தியது. கூடப் பிறந்தவர்கள் யாராவது உண்டா என்று டாக்டர் கேட்டதற்கு அவன் "இல்லீங்க" என்றானாம். செத்துவிட்டாள் என்று சொல்லவில்லை, அதுவரைக்கும் மரியாதை. அண்ணி கலாமணிதான் அறைக்கு வெளியே வந்து டாக்டரைத் தனியாகப் பிடித்து, ஒரு தங்கச்சி இருக்குதுங்க என்று சொல்லியிருக்கிறாள். வசந்தாமணி செத்தது இருபத்தைந்து வயதில். கூட வேலை பார்த்த இருதயராஜைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு அவள் கோயமுத்தூருக்கு வந்த வாரத்தில், ஊர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஒட்டினார்கள். கல்லூரி அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி, பூமாலை வரைந்து, கீழே துயரத்துடன் என்று அண்ணன் பேர். அப்பா தலைமுழுகினார், அவன் மொட்டையே போட்டுக்கொண்டான். அதோடு முடிந்திருந்தால் செத்தவளாகவே இருந்துவிட்டுப் போயிருப்பாள். ஒரு சாயங்காலம் பேருந்து நிலையத்தில் வைத்து நாலு பேர் இருதயராஜை அடித்தார்கள். சாதிப் பேரைச் சொல்லிச் சொல்லி அடித்தார்கள், காதோடு சேர்த்து அறைந்தார்கள். இடப்பக்கக் காது போனது போனதுதான். அண்ணன் அடிக்கவில்லை, சற்றுத் தள்ளி வண்டி மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான் என்று அவர் ஒரே ஒரு தடவை சொன்னார். பார்த்துக்கொண்டிருந்தான். அடித்திருந்தாலாவது கை வலித்திருக்கும். அம்மா செத்த சேதி வேறு யாரோ சொல்லித் தெரிந்து ஓடினபோது பந்தலுக்கு வெளியே வந்து நின்று, "செத்தவ எப்படி எழவுக்கு வருவா?" என்று ஊரைப் பார்த்துக் கேட்டான், அவளைப் பார்க்கவில்லை. ஊர் சிரித்தது. அம்மாவின் கால் மட்டும் தெரிந்தது, பெருவிரல்கள் சேர்த்துக் கட்டியிருந்தன.

கலாமணி வீட்டுக்கு வந்து காலில் விழுந்தபோது வசந்தாமணி எடுத்து நிறுத்தவில்லை. விழுந்தவள் விழுந்தபடியே இருந்தாள், நடுக்கூடத்தில் ஒரு மூட்டை மாதிரி. இருதயராஜ்தான் உள்ளே போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். அதுவே பொறுக்கவில்லை. வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாரா என்று காத்திருந்தாள். என் காதைப் பிடுங்கினவனுக்கா என்று ஒரு வார்த்தை. "உன்னோட இஷ்டம் வசந்தா, எதுன்னாலும் நான் கூட வர்றேன்" என்றார். எல்லாவற்றையும் என் தலையில் வைக்கிற இந்த நல்ல குணம் இருக்கிறதே. கொடுத்தால் பெரிய மனசு, கொடுக்காவிட்டால் கொலைகாரி. பரிசோதனை மட்டும் பார்க்கலாம் என்றுதான் போனாள், பொருந்தாது என்று அடித்துச் சொல்லலாம் போல இருந்தது. கூடப் பிறந்தவர்களுக்குள் நாலில் ஒரு வாய்ப்பு, அது அவளுக்குத் தெரியும். பொருந்தியது. முழுக்க முழுக்க. அட்சரம் பிசகாமல். அன்றைக்கு ராத்திரி அவளுக்கு வந்தது கோபமா வெட்கமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இத்தனை வருஷம் நான் வேறு, அவன் வேறு என்று ஒவ்வொரு நாளும் சொல்லிச் சொல்லி வளர்த்ததை, ஒரு காகிதத்தில் யாரோ அடித்துக் கொண்டுவந்து, இல்லையம்மா ஒன்றுதான் என்கிறார்கள். சரி என்று சொன்னாள். எதற்குச் சொன்னாள்? அவன் கேட்பான் என்று. ஒரு தடவையாவது தொலைபேசியில் கூப்பிடுவான், குரல் கம்மும், வசந்தா என்பான், இவள் பேசாமல் இருப்பாள், அவன் மறுபடியும் வசந்தா என்பான். அதற்காக. அவன் கூப்பிடவில்லை.

தொலைக்காட்சிக்காரி இப்போது அழுதாள். குழாயில் ஓடுகிற ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றும் என்று ஜின்சி சொல்லியிருந்தும் வசந்தாமணி அதையே பார்த்தாள். மேலே தொங்கின பையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தக்காளி ரசத்தின் நிறத்தில் சேர்ந்துகொண்டிருந்தது. இது போய் என்ன செய்யும்? அவனுடைய ரத்த நாளத்தில் இறங்கும், வழி கேட்காமலே எலும்பு தேடிப் போகும். அங்கே ஒருத்தரும் இல்லை. மருந்து போட்டு அவனுடைய மஜ்ஜையைச் சுட்டுக் காயவைத்துவிட்டார்கள், காலி வீடு. இவை போய்க் குடியேறும். முதலில் வெள்ளையணு வரும், பொட்டு வைத்த மாதிரி அங்கொன்று இங்கொன்று. பிறகு தட்டணு. கொலைசெல். மாதக்கணக்கில் காத்தால் டி செல். அது சும்மா வருவதில்லை, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கிற தைமஸ் சுரப்பியில் போய்ப் படித்துவிட்டு வரணும். அங்கே பரீட்சை கடுமை. ஒன்றையும் அடையாளம் தெரியாத மக்குகளைச் சாகவிடும். சொந்த உடம்பையே எதிரியென்று பாய்கிறவற்றையும் அங்கேயே கொன்றுவிடும். மிஞ்சுவது சொற்பம். ஆனால் அவன் வயதுக்கு அந்தப் பள்ளிக்கூடம் சுருங்கி, கூரை விழுந்து, வாத்தியார் இல்லாமல் கிடக்கும். யார் பரீட்சை வைப்பது? இதற்கிடையில், இந்தப் பையிலேயே, என் உடம்பில் படித்துத் தேறின டி செல்கள் கோடிக்கணக்கில் போகின்றனவே. என்னை எனக்குத் தெரியும், மற்றதெல்லாம் வெளியாள் என்று பாடம் படித்தவை. அவை அவனுக்குள் கண் திறந்து பார்க்கும்போது என்ன பார்க்கும்? தோல், குடல், ஈரல், எல்லாம் புது இடம், எல்லாம் அவன். இதை நினைத்ததும் அவளுக்கு வயிற்றில் சில்லென்று ஒன்று ஓடியது. பயம் என்றுதான் முதலில் நினைத்தாள். சந்தோஷம் என்று தெரிந்தபோது இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தாள், அதற்குக் கேட்டிருக்குமோ என்கிற மாதிரி. அவனுடைய ரத்த வகை மாறி என் வகை ஆகிவிடும். அவன் ரத்தத்தை எடுத்து இனிச் சோதித்தால் பெண் என்று காட்டும், மீசை முறுக்குகிறவனின் ரத்தம் பொம்பளை ரத்தம். எங்கள் ரத்தம் எங்கள் ரத்தம் என்று பஞ்சாயத்தில் தொடையைத் தட்டினவனே, இனி அந்த ரத்தம் யாருடையது, சொல்லடா. இருதயராஜின் பெண்டாட்டியுடையது.

அப்போதுதான் கலாமணி உள்ளே வந்தாள். காலில் பச்சை உறை, தலையில் பச்சைத் தொப்பி, அதற்குள்ளிருந்து நரைத்த முடி பிதுங்கியது. கையில் பால். "மூக்கு அரிக்குதா அம்மிணி?" என்று கேட்டுக்கொண்டே புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். எப்படித் தெரிந்தது என்று வசந்தாமணி கேட்கவில்லை. உறிஞ்சுகுழலை வாயில் வைத்துப் பாலைக் கொடுத்தாள், வசந்தாமணி குடித்தாள். கலாமணி உட்கார்ந்தாள், எழுந்தாள், பையைப் பார்த்தாள், மறுபடியும் உட்கார்ந்தாள். "உங்கண்ணனுக்கு வாயெல்லாம் புண்ணு. எச்சி முழுங்க மாட்டீங்கறாரு. டாக்டரம்மா வந்து, இனி உங்க ரத்தம் உங்க தங்கச்சி ரத்தமா மாறிப்போகும்னு சொன்னாங்களா, அதக் கேட்டதுலருந்து ஒறக்கமே இல்ல" என்றாள். "என்ன சொன்னான்?" என்றாள் வசந்தாமணி. அவன் என்று சொன்னது அண்ணி காதில் விழுந்தது, விழாத மாதிரி இருந்துகொண்டாள். "ஒண்ணுஞ் சொல்லுல." "அண்ணி, என்ன சொன்னான்?" கலாமணி பால் டம்ளரைக் கையில் உருட்டினாள். "ஊருல ஆராச்சும் கேட்டா, ஆரோ வெளியாளு குடுத்தாங்க, பேரு ஊரு தெரியாதுன்னு சொல்லிக்கலாம்னாரு. உங்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வெக்கச் சொன்னாரு. நீயும் ஆருகிட்டயும் வாயத் தொறக்காத கண்ணு. பையனுக்குப் பொண்ணு பாத்துட்டு இருக்கறோம். ஒனக்கே தெரியும் நம்ம சனத்தப் பத்தி."

இயந்திரம் சுற்றியது. வசந்தாமணி தொலைக்காட்சியைப் பார்த்தாள், அதில் சோப்பு விளம்பரம். வெளியாளு. பேரு ஊரு தெரியாது. செத்தவள் என்றாவது முன்பு ஒரு பேரும் படமும் இருந்தன, இப்போது அதுவும் இல்லை. எலும்பை நோகடித்து, கையை நீட்டி, உதட்டில் எறும்பு ஊர, அவனுக்கு உயிர் வார்க்கிறபோதும் அவனுக்கு நான் இல்லை. அவன் சாகப்போகிறபோதுகூட அவனுக்கு ஊர்தான் இருக்கிறது. குரல் கம்மும் என்று நினைத்தேனே, கழுதை நான், நாற்பத்தேழு வயதுக் கழுதை. "ஜின்சி" என்றாள். சத்தம் பெரிதாக வந்துவிட்டது. "ஜின்சி, மெஷின நிறுத்துங்க." "என்ன சேச்சி, வலிக்குதா?" "நிறுத்துங்கன்னு சொல்றேன். நான் குடுக்கல." கலாமணி எழுந்து நின்றாள், பால் டம்ளர் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. ஜின்சி ஒரு பித்தானை அழுத்தினாள். மாவாட்டுகிற சத்தம் நின்றது. அந்தச் சத்தம் இவ்வளவு நேரம் எத்தனை பெரிதாக இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. தொலைக்காட்சியை யாரோ அணைத்தார்கள். கலாமணி காலில் விழவில்லை, இந்தத் தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

டாக்டர் மைதிலி வேகமாக வந்தார். வந்த வேகம் அறைக்குள் நுழைந்ததும் காணாமல் போயிற்று. கட்டிலருகே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கட்டாயப்படுத்த எனக்கு உரிமை இல்ல. இப்ப கழட்டச் சொன்னா கழட்டிடுவேன். ஆனா அவருக்கு மருந்து முழுக்க ஏத்தியாச்சு, எலும்புக்குள்ள ஒண்ணுமே இல்ல. இது உங்களுக்குத் தெரியும்." "தெரியும்." "தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" வசந்தாமணி ஓட்டம் நின்றுபோன குழாயைப் பார்த்தாள். தெரிந்துதான். செத்துப் போகட்டும். காலி வீட்டில் காற்றடிக்கட்டும். ஒரு சளி, ஒரு பூஞ்சை, வாய்ப்புண்ணிலிருந்து ஒரு கிருமி, போதும், தடுக்க ஆள் இல்லாத வாசல். நினைக்க நினைக்க இனித்தது, இனிப்பு தொண்டையில் போய் நின்றுகொண்டது, இறங்கவில்லை. "டாக்டர், ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள். "என்னோட டி செல் அவனுக்குள்ள போனா, அவனை வெளியாள்னுதானே பாக்கும்?" டாக்டர் அவளை உற்றுப் பார்த்தார். "பாக்கும். பொருத்தம் முழுசா இருந்தாலும் சின்னச் சின்ன வித்தியாசத்தைக் கண்டுபிடிச்சிடும். தோல்ல, குடல்ல, ஈரல்ல கை வைக்கும். அதை அடக்கறதுக்கு மருந்து குடுப்போம்." "அடக்கிடுவீங்க." "முழுசா அடக்க மாட்டோம்" என்றார் டாக்டர். "முழுசா அடக்கினா நோய் திரும்பி வந்துடும். எத்தனை மருந்து போட்டாலும் ஒண்ணு ரெண்டு புற்று செல் எங்கயாவது ஒளிஞ்சிருக்கும். அது அவரோட செல், அதை அவரோட உடம்பு கண்டுக்காது. உங்க செல்தான் அதை எதிரின்னு பாத்துத் தேடிப் போய்க் கொல்லணும். அந்தக் கோபம்தான் பாதி வைத்தியம். கொஞ்சம் பகை இருக்கணும்மா. எவ்வளவுங்கறதுலதான் எங்க பாடே."

வசந்தாமணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபோது ஊசி இருந்த கை வலித்தது, ஜின்சி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று டாக்டருக்குத் தெரியவில்லை. எப்படிச் சொல்வது? காலையிலிருந்து, இல்லை, கலாமணி வந்து விழுந்த நாளிலிருந்து, இவளுக்குள் ஒரு கூச்சம் இருந்துகொண்டே இருந்தது. பாசத்தோடு கொடுக்க வேண்டியதைப் பாசமில்லாமல் கொடுக்கிறோம், விருந்துக்கு வெறுங்கையோடு போகிற மாதிரி. ஒவ்வொருத்தரும் பெரிய மனசு என்றபோது திருடியைப் பிடித்துவிட்ட மாதிரி முகம் சுருங்கியது. தேடித் தேடிப் பார்த்தாள், உள்ளே அவன் மேல் ஒரு சொட்டுப் பாசம் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் பழைய காட்சிகள், அவையும் உதவவில்லை. ஆறாம் வகுப்பில் அவளை ஒருத்தன் பின்னலைப் பிடித்து இழுத்தான் என்று அண்ணன் அவனைக் கிணற்று மேட்டில் போட்டு மிதித்த மிதி. அன்றைக்கு அவள் பெருமைப்பட்டாள். ஒரு வாரம் தோழிகளிடம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டாள். அந்தக் கால்தானே, அந்தக் கோபம்தானே. காவல் காக்கிறேன் என்றுதான் பேருந்து நிலையத்திலும் உட்கார்ந்திருந்திருப்பான். யாரிடமிருந்து யாரைக் காக்கிறோம் என்று தெரியாமல் போன காவல். அப்போது பெருமைப்பட்டவள் நான். வேண்டாம், இதில் என்னைச் சேர்க்காதே, ஒரு சிறுமி பெருமைப்பட்டதற்கும் ஒருவருடைய காது போனதற்கும் கணக்குப் போடாதே. மன்னிப்பு என்று ஒன்று வருமென்றால் வரட்டும், வரவில்லை, காத்திருக்க நேரமும் இல்லை. இருப்பது இதுதான். இதைத்தான் டாக்டர் வேண்டும் என்கிறார். கொண்டுவரக் கூடாததைக் கொண்டுவந்துவிட்டோம் என்று முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்ததை, கொடு, அதுதான் மருந்து என்கிறார். மனசு எப்படி இருந்தாலும் செல் தன் வேலையைத்தான் செய்யும், பகைப்பதற்கு அது என்னைக் கேட்காது, அதுவும் தெரியும், பாடம் நடத்துகிறவளுக்கு இது தெரியாதா. தெரிந்தாலும் தொண்டையில் நின்றது இறங்கியது.

"அண்ணி" என்றாள். கலாமணி சுவரிலிருந்து திரும்பினாள். "வெளியாளுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆரு கேட்டாலும் நான்தான் குடுத்தேன்னு சொல்லுவேன். கேக்காதவங்களுக்கும் சொல்லுவேன். ஊருல வந்து சொல்லுவேன், உங்களுக்கு வரப்போற சம்பந்தி வீட்டுல கேட்டா அங்கயும் சொல்லுவேன். இது எம்பட ரத்தம். இதுக்குச் சரின்னா ஓடட்டும். இல்லீன்னா கழட்டிட்டுப் போறேன், எங்க வீட்டுக்காரர் கீழ உக்காந்திருக்காரு." கலாமணியின் முகத்தில் பல வருஷங்கள் வந்து போயின. அவளையும் அந்த வீட்டில் யாரும் எதையும் கேட்டதில்லை என்பது வசந்தாமணிக்கு அப்போதுதான் தோன்றியது. தோன்றியும் இரக்கம் வரவில்லை. கலாமணி குனிந்து டம்ளரை எடுத்தாள், தலைப்பால் தரையைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே, "போடும்மா மெசினை" என்றாள் ஜின்சியைப் பார்த்து. "அவருகிட்ட நான் சொல்லிக்கறேன். கேட்டாக் கேக்கட்டும். கேக்காட்டிப் போகட்டும்." பிறகு நிமிர்ந்து, "நாந்தான அம்மிணி டாக்டரம்மாகிட்ட ஒன்னயப் பத்திச் சொன்னது. அன்னைக்கே அவரு என்னயக் கொன்னுபோடறமாதிரி பாத்தாரு. இனி என்ன" என்றாள். ஜின்சி பித்தானை அழுத்தினாள். மறுபடியும் சுற்ற ஆரம்பித்தது. உதட்டில் ஊர்ந்தது இப்போது கன்னம் வரைக்கும் ஏறியிருந்தது. "மரக்குது ஜின்சி" என்றாள் வசந்தாமணி, "நல்லாவே மரக்குது." இன்னொரு மாத்திரை வந்தது.

மதியத்துக்கு மேல் ஊசிகளை எடுத்தார்கள். எண்ணிப் பார்த்ததில் போதுமான அளவு கிடைத்துவிட்டது என்று டாக்டர் வந்து சொன்னார். எழுந்து நின்றால் கால் யாருடையதோ மாதிரி இருந்தது. இருதயராஜ் மேலே வந்து தோளைப் பிடித்துக்கொண்டார், வழக்கம்போல அவளுக்கு இடப்பக்கமாக நின்று நல்ல காதை அவள் பக்கம் வைத்துக்கொண்டு. மெஷின் நின்றதும் ஓடியதும் அவருக்கு யார் சொன்னார்களோ, ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது இந்தத் தடவை பிடித்திருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றுதான் நடந்தாள். நடையின் கோடியில் கால் தானாக நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் நாச்சிமுத்து சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இவ்வளவுதானா ஆள்? தலையில் முடி இல்லை, புருவம் இல்லை, பனங்கிழங்கு மாதிரி கழுத்து. மீசை இருந்த இடத்தை மறைத்து முகமூடி. அவனுடைய தலைக்கு மேல் அந்தப் பை தொங்கிற்று, தக்காளி ரசத்தின் நிறம் குழாயில் இறங்கி அவன் நெஞ்சருகே போய் மறைந்தது. எந்தச் சத்தமும் இல்லாமல், யாருடைய அனுமதியும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. உள்ளே கலாமணி அவன் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். அவன் தலையைத் திருப்பிக் கண்ணாடியைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஊரைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான். கண் அப்பாவின் கண். பக்கத்திலிருந்த தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அவளுடைய கைக்கு எட்டுகிற உயரத்தில், சுவரில் இன்னொரு தொலைபேசி மாட்டியிருந்தது. உள்ளே இருக்கிறவரோடு பேச வருகிறவர்களுக்காக வைத்தது. அவனுடைய முகமூடி அசைந்தது. உள்ளே போயிற்று, வெளியே வந்தது. நீளமாக என்னவோ சொன்னான். நிறுத்தினான், அவள் பக்கத்துத் தொலைபேசியை விரலால் காட்டினான், மறுபடியும் சொல்ல ஆரம்பித்தான். வாய்ப்புண்ணோடு பேசுகிறான், ஒவ்வொரு வார்த்தைக்கும் கண் சுருங்கியது. வசந்தாவா, வெளியாளா, ஊரா, நன்றியா, வசவா. வசந்தாமணி தொலைபேசியை எடுக்கவில்லை. அவன் முகமூடி அசைவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அது ஓய்கிறவரைக்கும். ஓய்ந்தபின் பையைப் பார்த்தாள், இறங்கிக்கொண்டுதான் இருந்தது. திரும்பி நடந்தாள்.

இருதயராஜ் மின்தூக்கியின் பித்தானை அழுத்தினார். கதவு திறந்தபோது, "என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

"கேக்கல" என்றாள் வசந்தாமணி.